பிடி அரிசி முதல் காலைச் சிற்றுண்டி வரை: ஊர்ப் பள்ளி யாருடையது?

தூத்துக்குடியிலிருந்து மதுரை செல்லும் நெடுஞ்சாலையில் எட்டயபுரம் இருக்கிறது. அதற்கு அருகே உசிலம்பட்டி என்றொரு சிற்றூர். மதுரை மாவட்டத்து உசிலம்பட்டி வேறு. 2023 செப்டம்பரில் இவ்வூரின் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் 11 பிள்ளைகள் படித்தனர். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் மாநிலம் முழுவதுமுள்ள அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கு விரிவாக்கப்பட்டது அவ்வாண்டு ஆகஸ்ட் 25 அன்றுதான். சில நாட்களிலேயே இப்பள்ளியில் சமைத்த உணவு மீந்துபோகத் தொடங்கியது. சமைப்பவர் பட்டியல் சாதிப் பெண் என்பதால், பிள்ளைகள் சாப்பிடக் கூடாதெனப் பெற்றோர் தடுத்துவிட்டனர் என்று செய்தி வெளியானது. அதைத் தொடர்ந்து நாடாளுமன்ற உறுப்பினர் கனிமொழி, அமைச்சர் கீதா ஜீவன், அன்றைய மாவட்ட ஆட்சியர் செந்தில்ராஜ் ஆகியோர் பள்ளிக்குச் சென்று, பிள்ளைகளோடு அமர்ந்து அதே உணவை உண்டனர்.

நாளிதழ்களைப் பொறுத்தவரை விவகாரம் ஏறத்தாழ அத்துடன் முடிந்தது. ஆனால் அது எழுப்பிய கேள்வி இன்றும் ஒவ்வொரு ஊர்ப் பள்ளியின் வாசலிலும் நிற்கிறது: அரசுப் பள்ளி ஊருக்குச் சொந்தம் என்கிறோமே, அந்த 'ஊர்' யார்?

தொடக்கப்பள்ளியின் ஆண்டு விழா, கல்விச் சீர், நன்கொடை, கொடியேற்றம், பரிசளிப்பு ஆகியவற்றை மகிழ்ச்சியான செய்திகளாகப் படிக்கிறோம். சமையலர் மீதான சாதிய மறுப்பைத் தீண்டாமைச் செய்தியாகத் தனியே படிக்கிறோம். இவ்விரண்டும் ஒரே பொருளின் இரு பக்கங்கள் என்பதே இக்கட்டுரையின் வாதம். பள்ளி நிகழ்வுகளில் யார் கொடுக்கலாம், யார் சமைக்கலாம், யார் மேடையில் அமரலாம் என்பதை ஊரின் சாதி ஒழுங்கு முடிவு செய்யுமானால், அங்கு நடப்பது பொது விழா அன்று. பொதுப் பணத்தில் நடக்கும் சாதி விழா.

கொடையிலிருந்து பிறந்த பந்தி

இப்பகுதியில் பள்ளிக்காக ஊர் கூடிப் பொருள் சேர்ப்பது புதிதன்று. கோயில் நுழைவு மறுக்கப்பட்டிருந்த காலத்தில் நாடார் வணிகர்கள் 'மகமை' என்னும் பொது நிதியைத் திரட்டினர். வீடுதோறும் ஒரு பிடி அரிசி சேர்த்துக் கல்விக்கு அளித்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் விருதுநகரில் அவ்வாறு எழுந்த சத்திரிய வித்யாசாலாவில்தான் காமராசர் படித்தார். முத்துக்குளித்துறைக் கடற்கரை ஊர்களில் பங்குக் கோயில்களும் மிஷன்களும் பள்ளிகளை நடத்தின. சென்னையில் 1894 முதல் கர்னல் ஆல்காட் தொடங்கிய பஞ்சமர் இலவசப் பள்ளிகள் தலித் பிள்ளைகளுக்கு எழுத்தறிவின் கதவைத் திறந்தன. மறுக்கப்பட்ட மக்கள் தமக்கெனப் பள்ளி கட்டுவது இரந்து நிற்பதன்று, தன்மதிப்பின் செயல்.

பிடி அரிசியில் நடந்த பள்ளியில் படித்தவர் முதலமைச்சரான பின் அந்தக் கருத்து அரசின் திட்டமாக வளர்ந்தது. 1956-இல் காமராசர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்த இடம் இதே எட்டயபுரம். தொடக்கத்தில் அது பெரிதும் ஊர்மக்களின் நன்கொடையை நம்பியிருந்தது. பிறகு ஒரு சாப்பாட்டின் செலவில் 60 விழுக்காட்டை அரசும் 40 விழுக்காட்டை உள்ளூர் மக்களும் ஏற்கும் ஏற்பாடு வந்தது. கல்வித்துறை இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் 1958-இல் கடம்பத்தூரில் தொடங்கின. ஊர்மக்கள் நிலம், கட்டடம், மேசை, நாற்காலி, கரும்பலகை, சீருடை எனக் கொண்டுவந்து குவித்தனர். இன்று நாம் காணும் கல்விச் சீருக்கு அம்மாநாடுகளே முன்னோடி.

அந்த இயக்கத்தின் பெருமையை எவரும் மறுக்க முடியாது. பசியால் பள்ளிக்கு வராதிருந்த எண்ணற்ற பிள்ளைகளை, அவர்களில் பெருந்தொகையினரான தலித் பிள்ளைகளை, அது வகுப்பறைக்குள் அழைத்து வந்தது. ஆயினும் ஒரு நுட்பமான சிக்கல் அன்றே அதற்குள் இருந்தது. கொடை கொடுக்க நிலமும் நெல்லும் வேண்டும். அவை இருந்தவர்கள் பெரும்பாலும் ஆதிக்கச் சாதியினர். ஆகவே ஊரின் கொடைப் பட்டியல் பல இடங்களில் ஊரின் நில உடைமைப் பட்டியலாகவே அமைந்தது. கொடுப்பவர் ஒரு பக்கம், பெறுபவர் மறுபக்கம் என்ற பிரிவினை, சாதிக்கோட்டின் மீதே விழுந்தது. பெறுபவராகத் தலித் பிள்ளை வரிசையில் நிற்பதை ஏற்றுக்கொண்ட அதே ஊர், 67 ஆண்டுகள் கழித்துத் தலித் பெண் கரண்டி பிடித்துப் பரிமாறும் இடத்திற்கு வந்தபோது தடுமாறியது. உசிலம்பட்டியில் உடைந்தது அந்த மரபான இடவொதுக்கீடு. தலித்துகள் உண்பது அங்கே சிக்கலாகவில்லை. அவர்கள் ஊட்டுவதே சிக்கலானது.

ஒரு விழாவை எப்படிப் படிப்பது?

உங்கள் ஊர்த் தொடக்கப்பள்ளியின் ஆண்டு விழா அழைப்பிதழ் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். தலைமை, முன்னிலை, வாழ்த்துரை, நன்றியுரை என வரிசையாகப் பெயர்கள் இருக்கும். ஊராட்சித் தலைவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவராயின் அவர் பெயர் எங்கே இருக்கிறது? 'முன்னாள்', 'பெரியதனம்' போன்ற அடைமொழிகளுடன் அவருக்கு மேலே யார் இருக்கிறார்கள்? பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவியான தாய் மேடையில் இருக்கிறாரா, விருந்தினருக்குத் தேநீர் கொடுத்துக்கொண்டிருக்கிறாரா? விழா முடிந்தபின் நாற்காலி அடுக்குபவர் யார், கழிப்பறை கழுவுபவர் யார்?

இவை அற்பக் கேள்விகள் அல்ல. 2020-ஆம் ஆண்டு சுதந்திர நாளில் திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தின் தலித் பெண் ஊராட்சித் தலைவர், அரசுப் பள்ளியில் தேசியக் கொடி ஏற்ற முடியாமல் தடுக்கப்பட்டார். சில நாட்கள் கழித்து, மாவட்ட ஆட்சியரின் முன்னிலையில்தான் அவர் கொடியேற்றினார். 2022 ஆகஸ்டில், தலித் ஊராட்சித் தலைவர்கள் கொடியேற்றுவதை உறுதி செய்யும்படி தலைமைச் செயலாளரே ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. பள்ளிக் கொடிமரம் கூட ஊரின் சாதி வரைபடத்தில் ஓர் இடம் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

நன்கொடையின் பாதையையும் இவ்வாறே படிக்க வேண்டும். 2022 டிசம்பரில் தொடங்கப்பட்ட 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டம், முன்னாள் மாணவர்களும் நிறுவனங்களும் அரசுப் பள்ளிகளுக்கு முறைப்படி நிதி அளிக்க வழி செய்தது. நிறுவனங்கள் சட்டம் 2013-இன் 135-ஆம் பிரிவு, வரையறுத்த அளவுக்கு மேல் ஈட்டும் நிறுவனங்கள் சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புப் பணிகளுக்குச் செலவிடச் சொல்கிறது. துறைமுகமும் அனல்மின் நிலையங்களும் தொழிற்சாலைகளும் நிறைந்த தூத்துக்குடியில் இந்தப் பணம் சிறு தொகையன்று. அது நெடுஞ்சாலையோரப் பள்ளிக்குத் திறன்பலகையாகப் போகிறதா, உப்பளத் தொழிலாளர் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்குக் குடிநீர்த் தொட்டியாகப் போகிறதா என்பதை யாருடைய செல்வாக்கு தீர்மானிக்கிறது? கேட்க வேண்டிய கேள்வி இது.

சட்டம் சொல்வது

கல்வி உரிமைச் சட்டம் 2009 இதற்குத் தெளிவான கருவியைத் தந்துள்ளது. அதன் 21-ஆம் பிரிவின்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் குறைந்தது நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக அல்லது பாதுகாவலராக இருக்க வேண்டும். பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். நலிவுற்ற பிரிவுகளைச் சேர்ந்த பிள்ளைகளின் பெற்றோருக்கு உரிய விகிதத்தில் இடம் தர வேண்டும். இக்குழுவின் பணிகளுள் ஒன்றைப் பலரும் கவனிப்பதில்லை. அரசிடமிருந்தோ உள்ளாட்சியிடமிருந்தோ 'வேறு எந்த மூலத்திலிருந்தோ' வரும் நிதி எவ்வாறு செலவாகிறது என்பதைக் கண்காணிப்பதும் அதன் கடமை. நன்கொடையும் கல்விச் சீரும் அந்த 'வேறு மூலம்' என்பதற்குள் அடங்கும். எனவே ஊர்ப் பெரியவர் கொடுத்த பீரோ, கொடுத்த நொடியிலிருந்து பள்ளியின் உடைமை. கொடுத்தவருக்கு நன்றி உண்டு, அதிகாரம் இல்லை. யார் சமைக்கலாம், யார் எங்கே உட்காரலாம் என்று சொல்லும் உரிமை எந்த நன்கொடையோடும் சேர்ந்து வருவதில்லை.

அதே சட்டத்தின் 8, 9-ஆம் பிரிவுகள், நலிவுற்ற பிரிவுப் பிள்ளை எக்காரணத்தாலும் பாகுபாட்டுக்கு உள்ளாகாமல் காப்பது அரசின், உள்ளாட்சி அமைப்பின் கடமை என்கின்றன. 17-ஆம் பிரிவு உடல் தண்டனையோடு மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது.

சமையலரைப் பொறுத்தவரை, உணவு உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் 2004 ஏப்ரல் 20 அன்று பிறப்பித்த ஆணை முக்கியமானது. மதிய உணவுச் சமையலர், உதவியாளர் நியமனங்களில் தலித்துகளுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் முன்னுரிமை தர வேண்டும் என்றது அந்த ஆணை. பந்தியே தீண்டாமையின் கோட்டை என்பதால், அங்கிருந்தே அதை உடைக்க வேண்டும் என்ற புரிதல் அதில் இருக்கிறது.

பட்டியல் சாதிகள் மற்றும் பட்டியல் பழங்குடிகள் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்துடன், பள்ளி நிகழ்வுகளின் ஏறத்தாழ எல்லாத் தருணங்களையும் தொடுகிறது. ஊராட்சிப் பொறுப்பில் இருப்பவரை அவரது பணியைச் செய்யவிடாமல் தடுப்பது 3(1)(m) பிரிவின்படி குற்றம். சமூக, பண்பாட்டு ஊர்வலத்தில் பங்கேற்பதையோ அதை நடத்துவதையோ தடுப்பதும், கல்வி நிலையத்துக்குள் நுழைவதைத் தடுப்பதும் 3(1)(za) பிரிவில் வருகின்றன. மேளதாளத்துடன் தெருவழியே வரும் கல்விச் சீர் ஊர்வலமும் ஒரு சமூக ஊர்வலம்தான். தலித் குடியிருப்பின் சீர்த்தட்டு அதில் சேரக் கூடாது என்பது வெறும் 'ஊர் வழக்கம்' ஆகிவிடாது. சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பை விதிப்பதையும் அவ்வாறு மிரட்டுவதையும் 3(1)(zc) தண்டிக்கிறது. கடமையை வேண்டுமென்றே புறக்கணிக்கும் அரசு ஊழியருக்கு 4-ஆம் பிரிவு இருக்கிறது. முதல் தகவல் அறிக்கை பதிவதற்கு முன் பூர்வாங்க விசாரணை தேவையில்லை என்கிறது 18A.

முத்துக்குளித்துறைப் பகுதியில் பணியாற்றுவோர் ஒரு நுணுக்கத்தை மறக்கக் கூடாது. இங்குள்ள தலித்துகளில் கணிசமானோர் கிறித்தவர்கள். 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, இந்து, சீக்கிய, பௌத்த சமயத்தவரை மட்டுமே பட்டியல் சாதியினராக ஏற்கிறது. ஆகவே வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் தலித் கிறித்தவச் சமையலருக்கோ தாய்க்கோ துணை வராது. அதனால் அவர் சட்டமற்ற நிலையில் இருக்கிறார் என்று பொருளன்று. குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் 1955-இன் 4-ஆம் பிரிவு, தீண்டாமையின் அடிப்படையில் 'எந்த நபர்' மீதும் தகுதிக்குறைவைச் சுமத்துவதைக் குற்றமாக்குகிறது. வேலை செய்வதும் ஊர்வலத்தில் பங்கேற்பதும் அப்பிரிவில் சொல்லப்பட்டுள்ளன. அச்சட்டமும் அரசமைப்பின் 17-ஆம் உறுப்பும் சமயச் சான்றிதழ் கேட்பதில்லை.

'பேசித் தீர்த்துக்கொள்ளலாம்' என்பதன் விலை

இத்தகைய விவகாரங்களில் இரண்டு விளக்கங்கள் எப்போதும் தயாராக இருக்கும். ஒன்று, 'இது சாதிச் சிக்கல் இல்லை, தனிப்பட்ட தகராறு.' மற்றொன்று, 'வழக்குப் போட்டால் ஊர் இரண்டுபடும், பள்ளி மூடப்படும்.'

முதலாவதைச் சோதிக்க எளிய வழி உண்டு. ஒருவரோடு ஒருவருக்குள்ள தகராறில் ஒரு குடும்பம் விலகலாம். ஒரு சாதியின் பிள்ளைகள் அனைவரும் ஒரே நாளில் தட்டைத் தொடாமல் எழுந்தால், அதைத் தனிப்பட்டதென்று அழைக்க முடியாது.

இரண்டாவது உண்மையான அச்சம். அதை எள்ளி நகையாடக் கூடாது. 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப்பள்ளிக்குச் சட்டம் விதிப்பது இரண்டு ஆசிரியர்கள். பதினொரு பிள்ளைகள் மட்டும் உள்ள பள்ளியில் ஐந்து குடும்பங்கள் மாற்றுச் சான்றிதழ் கேட்டால் பள்ளியே ஆட்டம் காணும். 'டி.சி. வாங்கிவிடுவோம்' என்ற மிரட்டலுக்கு வலிமை அங்கிருந்தே வருகிறது. தலைமையாசிரியர் பணிந்துபோவதற்கும், சமையலரை 'வேறு பள்ளிக்கு மாற்றிவிடலாம்' என்று அதிகாரி யோசிப்பதற்கும் காரணம் அதுவே. ஆனால் அந்த மாற்றம் நடந்துவிட்டால் தண்டிக்கப்படுபவர் பாதிக்கப்பட்டவரே. ஊர் கற்றுக்கொள்ளும் பாடமும் ஒன்றே: மிரட்டினால் வெல்லலாம்.

திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டம்பாளையம் அரசுப் பள்ளியில் 2018-இல் இதுதான் நடந்தது. தலித் பெண் சமைக்கக் கூடாதென எதிர்ப்பு எழுந்தவுடன் அவர் மாற்றப்பட்டார். போராட்டம் வெடித்த பின்னர் அந்த ஆணை திரும்பப் பெறப்பட்டது; வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கும் பதிவானது. ஏழாண்டுகள் கழித்து, 2025 நவம்பரில், சிறப்பு நீதிமன்றம் ஆறு பேருக்குச் சிறைத்தண்டனை விதித்தது. நீதி வந்தது உண்மை. அன்று முதல் வகுப்பில் சேர்ந்த பிள்ளை எட்டாம் வகுப்பை எட்டும் காலம் அதற்கு ஆனது என்பதும் உண்மை. வழக்கு மட்டும் போதாது. வழக்கில்லாமலும் ஆகாது என்பதே இதன் பாடம்.

உசிலம்பட்டியில் அமைச்சரும் ஆட்சியரும் தரையில் அமர்ந்து உண்டது மதிப்புமிக்க செயல். அரசு யார் பக்கம் நிற்கிறது என்று பிள்ளைகளுக்குக் கண்ணெதிரே காட்டியது அது. ஆனால் அமைச்சர் ஒரு நாள் வருவார். மறுநாள் காலை ஆறு மணிக்கு அந்தப் பெண் தனியாகத்தான் அடுப்பைப் பற்றவைக்க வேண்டும். அவருக்குத் தேவையானது ஒரு நாள் விருந்தினர் அல்ல; ஒவ்வொரு நாளும் தன் பக்கம் நிற்கும் ஓர் அமைப்பு.

நாம் செய்யக்கூடியவை

அந்த அமைப்பை உருவாக்குவது கல்லூரி மாணவர்களாலும் களப்பணியாளர்களாலும் இயலும்.

முதலாவது, பள்ளி மேலாண்மைக் குழுவை உயிர்ப்பியுங்கள். உறுப்பினராக உள்ள தலித் தாய்மார்களிடம் பேசுங்கள். கூட்டம் நடந்ததா, கையெழுத்து மட்டும் வாங்கப்பட்டதா என்று கேளுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் தீர்மானப் பதிவேட்டையும் நன்கொடை வரவு செலவையும் கேட்டுப் பெறலாம். முப்பது நாட்களுக்குள் பதில் தர வேண்டும்.

இரண்டாவது, ஆண்டு விழாவுக்கு முன்பே குழுவில் தீர்மானம் நிறைவேற்றச் செய்யுங்கள். அழைப்பிதழில் சாதிப் பின்னொட்டு வேண்டாம். குழுத் தலைவிக்கும் ஊராட்சித் தலைவருக்கும் மேடையில் உரிய இடம் வேண்டும். சமையலருக்கும் தூய்மைப் பணியாளருக்கும் மேடையிலேயே மரியாதை செய்யப்பட வேண்டும். கல்விச் சீர் ஊர்வலம் தலித் குடியிருப்பிலிருந்து புறப்படட்டும், அல்லது அத்தெரு வழியாக வரட்டும்.

மூன்றாவது, நாமும் கொடுப்போம். தலித் முன்னாள் மாணவர்கள் சேர்ந்து பத்து நூல்களோ ஒரு மின்விசிறியோ அளித்தாலும் அதற்கு ரசீது பெறுங்கள், பதிவேட்டில் ஏற்றுங்கள். பெறுபவர் என்று மட்டுமே அறியப்பட்ட ஒரு தெருவின் பெயர், கொடுத்தவர் பட்டியலில் ஏறுவது சிறிய நிகழ்வன்று. அதே வேளையில், அரசு செய்ய வேண்டியதை நன்கொடை கொண்டு ஈடுகட்டிவிடவும் விடாதீர்கள். கழிப்பறையும் குடிநீரும் சுற்றுச்சுவரும் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை கட்டாயமாக்கியவை. அவை எவருடைய தயவுமல்ல.

நான்காவது, மறுப்பு நடந்தால் முதல் நாளே பதிவு செய்யுங்கள். எத்தனை பிள்ளைகள் வந்தனர், எத்தனை பேர் உண்டனர், யார் என்ன சொன்னார்கள் என்பதைத் தேதியிட்டு எழுதி வையுங்கள். பிள்ளைகளின் பெயரையும் படத்தையும் வெளியிடாதீர்கள். அவர்கள் குற்றவாளிகள் அல்லர். தம் வீட்டுச் சொல்லுக்குக் கட்டுப்பட்ட சிறார். வன்கொடுமைகளுக்கான தேசிய உதவி எண் 14566. சமையலரை இடம் மாற்றும் ஆணை எதுவாயினும் அதை எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் தரத் தயங்குமிடத்தில்தான் அதிகாரியின் மனச்சான்று வெளிப்படும்.

பள்ளியின் சாதனை என்று தேர்ச்சி விழுக்காட்டையும் கோப்பைகளையும் எண்ணுகிறோம். அவற்றோடு இன்னொன்றையும் எண்ணக் கற்க வேண்டும். சமைத்தவர் யாரென்று கேட்காமல் எத்தனை பிள்ளைகள் ஒரே வரிசையில் அமர்ந்து உண்கிறார்கள்? பதினொரு பிள்ளைகள் உள்ள பள்ளியில் அந்த எண்ணிக்கை பதினொன்றாக இருக்குமானால், அதுவே அவ்வூரின் முதற்பரிசு. பிடி அரிசி சேர்த்த காலத்தில் பானைக்குள் விழுந்த பிறகு எவர் வீட்டு அரிசி எதுவென்று பிரித்தறிய முடியவில்லை. நம் பள்ளிகளும் அப்படி ஆக வேண்டும்.